நண்பர்களுக்கு சைக்கிள் பயிற்சி: மெதுவாக ஓட்டவைப்பதுதான் பெரிய வேலை

முதல் தடவை ஆறு நண்பர்களுக்கு ஒரே அட்டவணையைக் கொடுத்துப் பயிற்சியை ஆரம்பித்தேன். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், வாரத்தில் மூன்று நாள் ஓட்டக்கூடியவர்கள். முதல் மாதம் எல்லாருக்கும் வேகம் கூடியது. இரண்டாவது மாதம் அப்படியே நின்றது. மூன்றாவது மாதம் மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது: "முன்னெல்லாம் சைக்கிளைப் பார்த்தாலே எடுக்கத் தோன்றும். இப்போது பரீட்சை ஞாபகம் வருகிறது."

அடுத்த வருடம் முறையை மாற்றினேன். விட்டுப்போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அந்த ஐந்து பேரும் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள், வேகமாகவும் ஓட்டுகிறார்கள். மாற்றிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கியர் மாற்றுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் உங்களுக்கும் நண்பருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எதற்காக ஓட்டுகிறார் என்று கேளுங்கள்

"உன் இலக்கு என்ன?" என்று கேட்காதீர்கள். பந்தயம், கிலோமீட்டர் என்று ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "சமீபத்தில் எந்த சவாரி முடிந்ததும் மறுபடியும் போகலாம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள். ஒருவருக்கு அது மேடு ஏறி முடித்த தருணமாக இருக்கும். இன்னொருவருக்கு விடியற்காலையில் தனியாகப் போன ஒரு மணி நேரம். பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவருடைய வாரத்தில் அந்த மாதிரி ஒரு சவாரி கட்டாயம் இருக்க வேண்டும். வேறு எதை வெட்டினாலும் அதை வெட்டக்கூடாது.

படி 2: சீட்டின் உயரம்

பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். ஆரம்பத்துக்கு இது போதும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரமாக இருக்கிறது. ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

(சேர்த்தது: ஷூ போட்டு அளப்பதா, வெறுங்காலோடா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஓட்டும்போது போடுகிற ஷூவோடுதான்.)

படி 3: மெதுவான நாளை மெதுவாக ஓட்டவையுங்கள்

நான் இடறிய இடம் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாக ஓட்டுகிறவர் தினமும் ஒரே மாதிரி ஓட்டுவார்: கொஞ்சம் மூச்சு வாங்கும், கொஞ்சம் தொடை எரியும். ஏதோ செய்தோம் என்ற திருப்தி இருக்கும். ஆனால் அது மெதுவான நாளுக்கு அதிகம், கடினமான நாளுக்குப் போதாது. களைப்பு சேர்ந்துகொண்டே போகும். நிஜமாகவே அழுத்தி ஓட்ட வேண்டிய நாளில் கால் ஒத்துழைக்காது. என் நண்பர்கள் இரண்டாவது மாதத்தில் முட்டி நின்றது இந்த இடத்தில்தான்.

நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உச்ச நிலையில் இருக்கும் வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மெதுவானவை என்று அவர் காட்டினார். மெதுவான சவாரியிலும் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், இதயம் பலப்படும், கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் திறன் கூடும். களைப்பு குறைவு என்பதால் அதை அடிக்கடி செய்யலாம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறவருக்கு நான் வைக்கும் கணக்கு: இரண்டு நாள் மெதுவாக, ஒரு நாள் அழுத்தி.

சரி, மெதுவாக என்றால் எவ்வளவு? பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்கு நிறுத்தாமல் மூன்று நான்கு முழு வாக்கியங்கள் பேச முடிந்தால் அது மெதுவான சவாரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் கூடிவிட்டது. நான் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே அன்றைக்கு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்வேன். கதை துண்டு துண்டாக வந்தால் கியரைக் குறைக்கச் சொல்லிவிடுவேன்.

220-லிருந்து வயதைக் கழித்து அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். அது ஒரு கூட்டத்தின் சராசரி. தனி மனிதருக்கு 10, 12 துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு இன்னும் ஏறும். பேச்சு இதைவிட நம்பகமானது.

சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் மெதுவாக ஓட்ட மாட்டார்கள். அதற்கு எனக்குப் பலன் கொடுத்தவை இவை. ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டரில் வேகம் தெரியாதபடி டேப் ஒட்டிவிடுங்கள். "30 கிலோமீட்டர் போ" என்று சொல்லாமல் "75 நிமிடம் போ" என்று சொல்லுங்கள். தூரம் கொடுத்தால் சீக்கிரம் முடிக்கத் தோன்றும், நேரம் கொடுத்தால் தோன்றாது. மெதுவான நாளில் நீங்கள் முன்னால் போகாதீர்கள், பின்னால் வாருங்கள். முதுகு ஒன்று முன்னால் தெரிந்தால் துரத்துவது மனித இயல்பு.

வேகத்தை ஏன் மறைக்க வேண்டும் என்றால், அந்த எண் முன்னேற்றத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. காற்றைக் கிழித்துப் போவதற்கான சக்தி வேகம் கூடுகிற அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, அதைவிட மிக அதிகமாகக் கூடும். மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போக, காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய 70 சதவீதம் அதிகச் சக்தி வேண்டும். நன்றாக முன்னேறிய ஒருவருடைய சராசரி வேகம் அரைக் கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும், எதிர்காற்று அடித்த நாளில் அதுவும் காணாமல் போகும். அதைப் பார்த்து மனம் விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடம்பு சரியாகத்தான் முன்னேறிக்கொண்டிருந்தது.

கூடவே மிதி வேகத்தையும் கவனியுங்கள். புதியவர்கள் பெரிய கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று என்று அழுத்தி மிதிப்பார்கள். கியரை இறக்கி 80, 85-க்குக் கொண்டுவாருங்கள். தொடையும் முழங்காலும் தப்பிக்கும்.

படி 4: வாரத்துக்கு ஒரே ஒரு கடினமான நாள்

நான்கிலிருந்து ஆறு வாரம் மெதுவாக ஓட்டிய பிறகுதான் இது. நெஞ்சு வலி, இதயப் பிரச்சினை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.

நன்றாகச் சூடேறிய பிறகு 4 நிமிடம் அழுத்தி, 3 நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு தடவை. முதல் தடவையே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். "கடைசித் தடவை முதல் தடவை மாதிரியே இருக்க வேண்டும்" என்று ஒரு விதி வையுங்கள், தானாகவே அளந்து ஓட்டப் பழகுவார்கள். கடிகாரம் பிடிக்காதவருக்கு, ஏற ஏறக்குறைய அதே 4 நிமிடம் ஆகிற ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து நான்கு தடவை ஏறச் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான்.

படி 5: விளையாட்டு

நான் ஆரம்பத்தில் முழுக்க விட்டுவிட்ட படி இது, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது. மெதுவான நாளின் முடிவில், வண்டி வராத திறந்த இடத்தில் 15 நிமிடம். யார் கடைசியாகக் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி, கால் தரையில் படக்கூடாது. ஓட்டிக்கொண்டே குனிந்து தரையில் இருக்கும் பாட்டிலை எடுக்க வேண்டும். இதெல்லாம் சமநிலையைக் கற்றுக்கொடுக்கும். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

வளைவுக்கு மூன்று விஷயம்: வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடு, வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், போகவேண்டிய இடத்தைப் பார். கண் எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும்.

படி 6: இரண்டு எண்கள்

ஒவ்வொரு சவாரி முடிந்ததும் இரண்டே கேள்விகள். 0 முதல் 10 வரை எவ்வளவு கடினமாக இருந்தது? 0 முதல் 10 வரை எவ்வளவு பிடித்திருந்தது? முதல் எண்ணைப் பயிற்சியாளர்கள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். இரண்டாவதை நான் சேர்த்துக்கொண்டேன். என் நோட்டில் பார்த்தவரை, கால் களைக்கும் முன்பே இந்த எண் இறங்கிவிடுகிறது. தொடர்ந்து மூன்று சவாரி 5-க்குக் கீழே வந்தால் அந்த வாரம் கடினமான நாளை எடுத்துவிடுகிறேன். எப்படியும் மூன்று வாரம் ஓட்டிய பிறகு நான்காவது வாரத்தை லேசாக்க வேண்டும், நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

கருவிகளைப் பற்றி: காகித நோட்டுதான் எனக்கு முதலிடம். செயலியில் மற்றவர்களுடைய வேகமும் கண்ணில் படும், மெதுவான நாள் கெட்டுப்போகும். இதயத் துடிப்பு அளக்க வேண்டுமானால் மணிக்கட்டுக் கடிகாரத்தைவிட மார்புப் பட்டையை வாங்குங்கள். மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் முதல் வருடம் வேண்டாம்.

பின்னர் சேர்த்தவை

பவர் மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். 20 நிமிடம் முழு பலத்தோடு ஓட்டி, வரும் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுங்கள். மெதுவான சவாரி அந்த எண்ணில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது.

தன்னிடம் பயிலும் ஒருவர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கடைசியில் சோர்ந்துவிடுகிறார் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம், முதல் அரை மணியிலேயே ஆரம்பிக்கட்டும்.

அதிகம் வந்த கேள்வி: வேகம் வேறு வேறாக இருப்பவர்கள் எப்படிச் சேர்ந்து ஓட்டுவது? எல்லாரும் ஒரே இடத்தில் கிளம்புங்கள், அவரவர் வேகத்தில் போங்கள். சரியாக 40-வது நிமிடத்தில், எங்கே இருந்தாலும் எல்லாரும் திரும்ப வேண்டும். வேகமானவர் அதிக தூரம் போயிருப்பார், மெதுவானவர் குறைவாக. கிளம்பிய இடத்துக்கு எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். திரும்பும்போது வேகமானவர்கள் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொள்வதால், கடைசி சில நிமிடங்கள் பேசிக்கொண்டே ஓட்டலாம்.