கண் முகாம் டிரஸ்டுக்கு ஆலோசகர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சேலம், ஏற்காடு பக்கத்துக்கு ஒரு வழிமுறை

லெட்டர்பேடில் பெரிய டாக்டர் பெயர் இருந்தால் நன்கொடை வரும். அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் முகாமில் பார்த்த கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கே முடிவு சொல்ல ஆள் வேண்டும். மருத்துவ ஆலோசனைக் குழு முதலில் அதற்குத்தான்.

டாக்டர்களைத் தேடும் முன் பழைய முகாம் பதிவேடுகளைப் புரட்டுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியும் கண்புரையும் எந்த ஊரிலும் அதிகம்தான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது காபித் தோட்டக் காயம். செடியைக் கவாத்து செய்யும்போது (கிளை வெட்டும்போது) குச்சியோ இலையோ கருவிழியில் கீறி, அதில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு போட்டால் சிவப்பு குறையும், புண் உள்ளே பரவும். கீழே செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் அமிலம் தெறிக்கிறது. ஆகவே இங்குள்ள குழுவில் கருவிழி நிபுணர் ஒருவர் கட்டாயம். அவரோடு புரை, விழித்திரை, குழந்தைக் கண் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவுக்குத் தனி ஆள் கிடைத்தால் விடாதீர்கள். கண் அழுத்தம் வழக்கமான வரம்பான 21-க்குள் (மி.மீ. பாதரசம்) இருந்தாலும் அந்த நரம்பு கெடலாம். அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பும் முகாம் அப்படிப்பட்ட நோயாளிகளைத் தவறவிடும்.

அடுத்து பயோடேட்டா. எம்.பி.பி.எஸ். பயிற்சி ஓராண்டும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதன்பின் கண் மருத்துவ மேற்படிப்பான எம்.எஸ். அல்லது டி.என்.பி. மூன்று ஆண்டு, டி.ஓ. என்ற டிப்ளமோ இரண்டு ஆண்டு. டி.ஓ. முடித்தவர்களைக் குறைவாக எடைபோட வேண்டாம், மூத்த தலைமுறையில் நல்ல புரை சர்ஜன்கள் பலர் டி.ஓ.தான். எப்.ஐ.சி.ஓ., எப்.ஆர்.சி.எஸ். ஆகியவை வெளிநாட்டு அமைப்புகள் நடத்தும் கடினமான தேர்வுகள். ஆனால் பரீட்சை மேஜையில் யாரும் ஒரு கண்ணை அறுவை செய்து காட்டுவதில்லை, அறிவுக்குத்தான் அவை சான்று. கைப்பழக்கத்துக்குப் பார்க்க வேண்டியது பெல்லோஷிப், அதாவது மேற்படிப்புக்குப் பின் ஒரே பிரிவில் எடுக்கும் பயிற்சி: எங்கே, எந்தப் பிரிவில், எத்தனை மாதம்? விழித்திரைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். சில வாரப் பயிற்சியையும் அதே சொல்லால் எழுதிவிட இடமுண்டு என்பதால் மாதக் கணக்கைக் கேட்டுவிடுங்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், 1978-இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் பயிற்சி என்றால், நிறைய கண்களைப் பார்த்திருப்பார் என்று நம்பலாம். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள். மேற்படிப்பும் அங்கே ஏறியிருக்க வேண்டும்.

பிறகு நேரில் பேசுங்கள். புரை சர்ஜனிடம் மூன்று கேள்வி போதும். கடந்த ஆண்டு உங்கள் கையால் எத்தனை? அதில் லென்ஸின் பின்னுறை கிழிந்தது எத்தனை? ஆறு வாரம் கழித்து, நோயாளி வழக்கமாகப் பார்க்கும் நிலையில் (கண்ணாடி இருந்தால் அதோடு) 6/18, அதாவது நல்ல கண் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் படித்தவர்கள், நூற்றுக்கு எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வைத்த அளவுகோல் அந்த நிலையில் 80, சரியாகப் பொருத்திய கண்ணாடியோடு 90. 6/60-க்கும் கீழே போனவர்கள் 5-க்குள். கணக்கு வைத்திருப்பவர் கேட்டதும் சொல்வார். "எல்லாம் நல்லாத்தான் வருது" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள். முற்றிய புரைக்குச் சிறு வெட்டு முறையும் அவருக்குக் கைவர வேண்டும். மலையிலிருந்து வரும் புரைகளில் பழுத்துப் பழுப்பானவை உண்டு. அவற்றில் பேக்கோவை (புரையை ஒலியலையால் உடைத்து உறிஞ்சும் முறை) மட்டுமே பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினால் கருவிழியின் உட்செல்கள் அடிபட்டு வீக்கம் வரும்.

விழித்திரை நிபுணரைத் தேர்ந்தெடுப்பதில்தான் டிரஸ்டுகள் சறுக்குகின்றன. சென்னையில் இருக்கும் பெரிய பெயருக்கு ஆசைப்பட்டு, சேலத்தில் வாரம் முழுக்கத் தியேட்டரில் நிற்பவரை விட்டுவிடுகிறார்கள். புரை அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். வான்கோமைசின் 1 மில்லிகிராமும் செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராமும் அன்றே கண்ணுக்குள் ஊசியாகப் போக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரை 340 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்கு அனுப்பினால் அந்தக் கண்ணைக் காப்பது கஷ்டம்.

விழித்திரை நிபுணரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: விலகிய விழித்திரையை ஒட்ட வைக்கக் கண்ணுக்குள் வாயு வைத்த நோயாளி எப்போது ஏற்காட்டுக்குத் திரும்பலாம்? சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும். அழுத்தம் எகிறி, விழித்திரைக்கு ரத்தம் நின்று, பார்வையே போகலாம். எஸ்.எஃப்.6 வாயு கரைய இரண்டு வாரம், சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை நோயாளி கீழேயே தங்க வேண்டும், அல்லது வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைக்க வேண்டும். மலைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல வருபவர் இதை நாம் கேட்கும் முன்பே சொல்லிவிட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு நியமனக் கடிதம் கொடுத்துவிடலாம். நோயாளி கீழே தங்கும் செலவை டிரஸ்ட் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

குழந்தைக் கண் நிபுணருக்கு முதல் வேலை, குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் ஏற்பாடு. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். இது முகாம் தேதிக்காகக் காத்திருக்கக் கூடியது அல்ல.

நியமனக் கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு எத்தனை நாள் தருவார் என்ற எண்ணிக்கை. சொந்த மருத்துவமனை, லென்ஸ் கம்பெனி, கண்ணாடிக் கடை ஆகியவற்றில் அவருக்கு இருக்கும் பங்கு பற்றிய எழுத்துமூல அறிவிப்பு. நான்காவதுதான் பலரும் எழுதத் தயங்குவது: தியேட்டர் சரியில்லை என்றோ ஒரே நாளில் இரண்டு நோயாளிகளின் கண்ணில் தொற்று என்றோ தெரிந்தால் அறுவைகளை அப்படியே நிறுத்தும் அதிகாரம். தலைவர், செயலாளர் யாரிடமும் கேட்காமல் அவர் அதைச் செய்ய முடிய வேண்டும். பள்ளிக்கூடத்திலும் சமுதாயக் கூடத்திலும் அறுவை கூடாது, அங்கே பரிசோதனை மட்டும் என்பதையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

முகாம் தேதியையும் குழுவே குறிக்கட்டும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கூலியை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் அறுவைக்குப் பின் ஏழாம் நாள் பரிசோதனைக்குத் திரும்பமாட்டார்கள். பதவிக்காலம் முடிந்த டாக்டரின் பெயரை லெட்டர்பேடிலிருந்து மட்டுமல்ல, பேனரிலிருந்தும் நோயாளி கையில் கொடுக்கும் சீட்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ராத்திரி கண் வலித்தால் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் போன் செய்வார்கள்.