கடைசிக் கண்ணிக்குப் பிறகு நடக்கும் தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் வாரம் இரண்டு மதியம் பெண்கள் சிலர் பின்னல் ஊசியோடு வந்து உட்காருவார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி, நான்கு மாதமாகப் பின்னிய கேபிள் ஸ்வெட்டரின் (கயிறு முறுக்கினாற்போல் தெரியும் பின்னல்) கடைசிக் கண்ணியை, அதாவது ஊசியில் நின்ற கடைசி நூல் வளையத்தை, மூடினாள். எல்லோரும் கைதட்டினோம். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் பையிலிருந்து பருத்தி நூலை எடுத்து, "ஆச்சி, அளவு அதேதானே? 198 கண்ணி ஏற்றிவிடட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 20 வருடங்களுக்கு முன்பு இதே வளவில் உட்கார்ந்து நானும் அதே காரியத்தைத்தான் செய்தேன்.

கண்ணி நழுவுவது, வரிசையை மறப்பது எல்லாம் கை பழகப் பழகச் சரியாகிவிடும். கடினமான ஒன்றை முடித்த மகிழ்ச்சியில் செய்யும் தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கழுத்தை இறுக்கி மூடுவது

முடிக்கும் அவசரத்தில் கை தானாக இறுகும். ஸ்வெட்டர் அழகாக இருக்கும், குழந்தையின் தலை நுழையாது. கழுத்தை மூடும்போது மட்டும் ஓர் அளவு தடித்த ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அலசாமலே முடிந்துவிட்டது என்பது

ஊசியிலிருந்து இறங்கியதும் துணி சுருண்டு, மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, அளவு பார்த்துப் பரப்பிக் காயவைத்தால்தான் கண்ணிகள் தத்தம் இடத்தில் அமரும். நான் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துண்டு விரித்து அதன்மேல் பரப்புவேன். துண்டுக்கு வெளியே தெரியும் கல்லின் கோடுகளே இரண்டு பக்கமும் நேராக இருக்கின்றனவா என்று காட்டிவிடும்.

பழைய கணக்கில் புது நூலைத் தொடங்குவது

இந்த ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று நான் முடித்திருந்தது உல்லன் நூலில் கேபிள் ஸ்வெட்டர். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. 198 கண்ணிக்குச் சுற்றளவு 90 சென்டிமீட்டர். மகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தத் தெம்பில், அடுத்து அவளுக்கே பருத்தி நூலில் கேபிள் இல்லாத சாதாரணச் சட்டை ஒன்றைத் தொடங்கினேன். அதே ஊசி, அதே 198 கண்ணி. மாதிரித் துண்டு பின்னவில்லை. இவ்வளவு கடினமானதையே முடித்தவளுக்கு மாதிரி எதற்கு என்று நினைத்தேன்.

கேபிள் முறுக்கு துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரணப் பின்னலில் அந்த இழுப்பு கிடையாது. பருத்தியிலோ 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் வந்தது. சுற்றளவு 99 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. 10 சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி குறைந்தது, மொத்தச் சட்டையில் 9 சென்டிமீட்டர் தொளதொளப்பாக வந்து நின்றது. அதோடும் போகவில்லை. துவைத்து வெயிலில் கொடியில் போட்டேன். உல்லன் நூல் இழுத்தால் திரும்பிச் சுருங்கும். பருத்திக்கு அந்தத் துள்ளல் மிகக் குறைவு. நீரின் கனத்தில் சட்டை தொங்கித் தொங்கி நீண்டது. மாலையில் எடுத்துப் போட்டுப் பார்த்தபோது மகளின் விரல் நுனி சட்டைக் கைக்குள்ளே மறைந்திருந்தது. இரண்டு மாத வேலை. பிரித்தேன். பிரித்த நூல் நெளிநெளியாக, புரி பிரிந்து கிடந்தது. அதில் பாதியைத்தான் மறுபடி பயன்படுத்த முடிந்தது.

எங்கள் அப்பத்தா கொட்டான் என்னும் ஓலைக் கூடை பின்னுவார். ஈர ஓலை காய்ந்தால் சுருங்கும் என்பதால், பின்னும்போதே ஒவ்வொரு ஓலையையும் நெருக்கித் தள்ளிக்கொண்டே போவார். அதைப் பார்த்து வளர்ந்தும், நூல் நனைந்தால் மாறும் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

ஆகவே நூல் மாறினாலும் பின்னல் மாறினாலும் 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரி பின்னுங்கள். சட்டையை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே அதைத் துவைத்துக் காயவையுங்கள். ஓரக் கண்ணிகள் இழுபட்டிருக்கும். நடுவில் 10 சென்டிமீட்டர் குறித்து அங்கே எண்ணுங்கள். துவைக்காத மாதிரியை அளப்பவர்களும் உண்டு. அதை நம்பிப் பின்னினால் முதல் சலவையிலேயே அளவு மாறிவிடும்.

அந்தப் பெண்ணை அன்று மாதிரி மட்டும் பின்னவைத்து அனுப்பினேன். அடுத்த முறை காய்ந்த துண்டோடு வந்தாள். நடுவில் எண்ணினால் 20. தங்கைக்குத் தேவையான 90 சென்டிமீட்டருக்கு 180 கண்ணி ஏற்றினாள்.

நூலைக் குறைத்து வாங்குவது

ஒரே சாய எண்ணில் (ஒன்றாகச் சாயமேற்றிய நூலுக்குச் சீட்டில் போடும் எண்) ஓர் உருண்டை கூடுதலாக வாங்குங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலம், முற்றத்து வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும்.

அடுத்ததை இன்னும் கடினமாக எடுப்பது

கேபிள் முடிந்ததும் லேஸ் சால்வை, அதுவும் சிலந்தி வலை போன்ற மெல்லிய நூலில், என்று பாய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதியில் நின்ற சால்வைகள் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. புது வேலையில் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று மட்டும் இருக்கட்டும். லேஸ்தான் வேண்டும் என்றால் பழகிய தடிமனில் நூலை எடுங்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை, வேறு நிறத் தையல் நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவையுங்கள். தவறு நேர்ந்தால் அந்த வரிசை வரை பிரித்தால் போதும்.

யாருக்கு என்று யோசிக்காமல் தொடங்குவது

நம் ஊர் வெயிலில் உல்லன் ஸ்வெட்டர் பெட்டியைவிட்டு வெளியே வராது. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு என்றால், அந்த வீட்டில் துணியைக் கையால் அலசுவார்களா, மெஷினில் போடுவார்களா என்று முதலில் கேளுங்கள். சாதாரணக் கம்பளி வெந்நீரிலும் மெஷின் குலுக்கலிலும் இழைக்கு இழை கவ்விச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். மெஷினில் போடுகிறவர்கள் என்றால், மெஷினில் துவைக்கலாம் என்று உருண்டையின் சீட்டில் போட்டிருக்கும் நூலையே வாங்குங்கள்.