மாட்டு டாக்டரிடம் பதிவு எண் கேட்பது எப்படி

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து திரும்பி வந்த கவரைப் பிரித்தால், உள்ளே நாங்கள் அனுப்பிய, மாட்டின் இறப்புச் சான்றுதான் இருந்தது. ‘பதிவு எண்’ என்று போட்டிருந்த இடத்தில் வெறும் புள்ளிக்கோடு. அதை யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

புதுவயல் பக்கம் ஒரு கிராமத்தில் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு 22 வருஷம் செயலாளராக இருந்தவன் நான். மாட்டுக் கடன், காப்பீடு, காதுத்தோடு என்று ஊராருக்கு எழுதிக் கொடுத்த தாள்களை எடைக்குப் போட்டால் ஒரு மாடே வாங்கலாம். அப்படிப்பட்ட நானே அந்தப் புள்ளிக்கோட்டைப் பார்க்காமல் விட்டேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாடு பக்கத்து வீட்டு ஆச்சியுடையது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டில் ஆச்சியும் ஒரு ஜெர்சி கலப்புப் பசுவும்தான். கன்று ஈன்ற இரண்டாம் நாள் ராத்திரி பசு எழுந்திருக்கவில்லை. கழுத்தை வளைத்து விலாவில் முகத்தைச் சாய்த்துப் படுத்துவிட்டது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பால் காய்ச்சல் என்பார்கள். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, குளிர்ந்து போகும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடுவதால் வருவது. முறையாகக் கால்சியம் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று வைக்கோல் தேடிய மாடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

மணி பத்து. நான் கூப்பிட்டது, பைக்கில் ஊர் ஊராகப் போய் ஊசி போடும் ஒருவரை. கால் மணியில் வந்துவிட்டார். தாழ்வாரத்துத் தூணில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, ஊசியைக் கழுத்து நரம்பில் குத்தி, குழாயின் திருகை முழுசாகத் திறந்துவிட்டார். கால்சியத்தை நிதானமாக, நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக இறங்கினால் இதயமே நின்றுவிடும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். 450 மில்லி பாட்டில் ஐந்து நிமிடத்தில் காலி. மாடு ஒரு தடவை காலை உதைத்தது, அவ்வளவுதான். காலையில் கண்மாய்க் கரையில் குழி வெட்டிப் புதைத்தோம். அவரே லெட்டர்பேடில் ஒரு சான்றும் எழுதிக் கொடுத்தார். அதுதான் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது.

“அவன் பையில ஊசி இருந்துச்சு, கழுத்துல குழாய் தொங்குச்சு. நம்பர் இருக்கான்னு யாருப்பா பாத்தா?” என்றார் ஆச்சி. அந்த ஊசிக்காரரைக் கூட்டி வந்தவன் நான். பதில் சொல்ல முடியவில்லை.

சரி, அந்த நம்பர் என்ன, யார் கொடுப்பது?

1984இல் வந்த இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம்தான் இதற்கு அடிப்படை. தேசிய அளவில் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் ஒன்று, மாநிலத்துக்கு ஒரு கவுன்சில். எந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும், என்னென்ன படிக்க வேண்டும், மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் தேசியக் கவுன்சிலின் வேலை. ஒழுக்க நெறிக்கென்று 1992இல் தனியாக விதிமுறையே போட்டிருக்கிறார்கள். மாநிலக் கவுன்சில் பதிவேட்டை வைத்துக்கொண்டிருக்கும். சென்னைக் கல்லூரியில் படித்தாலும் சரி, நமக்குக் கிட்டத்தில் உள்ள ஒரத்தநாட்டில் படித்தாலும் சரி, ஐந்தரை வருஷப் படிப்பை முடித்து அந்தப் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் மருத்துவம் பார்க்கலாம். உடல்நலச் சான்றில் கையெழுத்துப் போடுவதும், கோர்ட்டில் நிபுணராகச் சாட்சி சொல்வதும் அந்தப் பதிவோடு சேர்ந்த உரிமைகள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பதிவு எண் இல்லாத எல்லோரும் போலி இல்லை. தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது மாதிரியான சிறு சேவைகளை, பயிற்சி பெற்ற கால்நடை ஆய்வாளர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய அரசு அனுமதிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கிளை நிலையத்தில் சினை ஊசி போடுகிறவர் பெரும்பாலும் ஆய்வாளர்தான். அவர் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பாதி மாடு சினை பிடித்திருக்காது. இதை ஆச்சிக்கு நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புது மாடு வாங்கிய பிறகு, கோமாரித் தடுப்பூசி போட வந்த ஆய்வாளரை வாசலிலேயே நிறுத்தி நம்பர் கேட்டு, பாவம், அந்த மனுஷனைத் திணறடித்துவிட்டார். ஆய்வாளரிடம் கேட்க வேண்டியது நம்பர் இல்லை, “எந்தக் கால்நடை மருந்தகத்திலிருந்து வர்றீங்க, அங்க டாக்டர் யாரு?” என்று கேட்டால் போதும்.

மருத்துவரிடம் நம்பரை எப்படிக் கேட்பது? ராத்திரி பதினொரு மணிக்கு வந்து நிற்கிறவரிடம் “நீங்க நிஜ டாக்டரா?” என்று கேட்கவும் முடியாது, கேட்கவும் கூடாது. நான் காப்பீட்டைச் சாக்கு வைத்துக்கொள்வேன். “டாக்டரம்மா, காப்பீட்டுக்கு வேணும், சீட்டுல உங்க பேரையும் பதிவு எண்ணையும் எழுதிக் கொடுத்திருங்க.” நிஜமான மருத்துவர் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டுப் போவார். அந்த முத்திரையிலேயே எண் இருக்கும். “அதெல்லாம் எதுக்கு, நம்ம பழக்கந்தானே” என்று பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சாக்கு மாடு காப்பீடு இல்லாததாக இருந்தாலும் செல்லும்.

மாடு செத்துப் போனால் இன்னும் ஜாக்கிரதை. அழுகையும் நாற்றமும் சேர்ந்து, சீக்கிரம் புதைத்துவிடத்தான் எல்லோரும் சொல்வார்கள். புதைக்கும் முன் காப்பீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லுங்கள். காதுத்தோட்டில் உள்ள 12 இலக்க எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அரசுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லி அறிக்கை வாங்குங்கள். கால்சியத்தை வேகமாக ஏற்றியதால்தான் ஆச்சியின் மாடு செத்தது என்று என்னால் இன்றைக்கும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டியதைத்தான் கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டோமே.

அடுத்தது, புகாரை எங்கே கொடுப்பது. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய் நின்றுவிடுகிறார்கள். மனு ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, கடைசியில் யாரைப் பற்றிய புகாரோ அவரிடமே வந்து சேரும்.

அரசு மருத்துவர் மருந்தகத்துக்கே வருவதில்லை, கூப்பிட்டால் வருவதில்லை என்றால் அது துறை விஷயம். கோட்டத்தில் உதவி இயக்குநர், அவருக்கு மேல் மண்டல இணை இயக்குநர். கவுன்சில் இதில் தலையிடாது. அதே மருத்துவர் பார்க்காத மாட்டுக்குப் பொய்ச் சான்று கொடுத்தார், சிகிச்சையில் அப்பட்டமான அலட்சியம் காட்டினார் என்றால் அது மாநிலக் கவுன்சிலுக்குப் போக வேண்டியது. அவரை அழைத்து விளக்கம் கேட்டுவிட்டு, குற்றம் உறுதியானால் பதிவேட்டிலிருந்து பேரை நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. ஆனால் மாட்டுக்கு விலை வாங்கித் தராது. பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை என்று நஷ்டஈடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும்.

பதிவே இல்லாமல் வைத்தியம் பார்க்கிறவர் மேல் கவுன்சிலுக்கு நேரடிப் பிடி கிடையாது, நீக்குவதற்குப் பேர் இருந்தால்தானே. அது சட்டப்படி குற்றம். போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, நகலைக் கவுன்சிலுக்கும் இணை இயக்குநருக்கும் அனுப்புங்கள்.

மருந்துக் கடை தனி. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தை விற்றால் மருந்து ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். பைக் வைத்தியர்களின் பையில் நான் அடிக்கடி பார்த்த ஒன்று டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால், 2006லேயே மாட்டுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் மனிதருக்கான ஊசியையும் ஒரு வேளைக்கான 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. 2023இல் அதே வகை வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபெனும் அசெக்ளோஃபினாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் காலி பாட்டிலைக் குப்பையில் எறியாதீர்கள். மருந்தின் பேரும் தொகுதி (பேட்ச்) எண்ணும் அதில்தான் இருக்கின்றன. மாட்டுக்கான மருந்தில் ‘விலங்குகளுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் எதற்காக அந்த மருந்து என்று கேளுங்கள்.

புகார்க் கடிதத்தை எப்படி எழுதுவது என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: ஆத்திரத்தைக் குறைத்து மணியை எழுதுங்கள். எத்தனை மணிக்கு மாடு படுத்தது, எத்தனை மணிக்கு அவர் வந்தார், எந்த மருந்து, எவ்வளவு, எங்கே போட்டார், எவ்வளவு பணம் வாங்கினார். மருத்துவரின் பேர், பதிவு எண், மாட்டின் காதுத்தோட்டு எண். சீட்டு, ரசீது, படம், பரிசோதனை அறிக்கை, எல்லாவற்றுக்கும் நகல். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ‘ஈவு இரக்கமற்ற’, ‘பாதகன்’ மாதிரி வார்த்தைகள் வேண்டாம். அவற்றை எழுதித் தரச் சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

இன்னொன்று, சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை கொண்டுபோகிறவர்கள் இதையெல்லாம் ஏற்கனவே அறிந்தவர்கள். 2017 விதிகளுக்குப் பிறகு காளைக்குத் தகுதிச் சான்று வேண்டும், அதில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். காளைக்குச் சான்று சரியாக இருக்கிறதா என்று பத்து தடவை பார்க்கிறவர், வீட்டில் பால் கறக்கும் பசுவுக்கு யார் ஊசி போடுகிறார் என்று கேட்பதில்லை. ராத்திரியில் ஆள் கிடைக்காததால்தான் பைக் வைத்தியரைக் கூப்பிடுகிறோம் என்பது நியாயம்தான், நானும் அதைத்தான் செய்தேன். 1962 என்ற எண்ணை அன்றைக்கு நான் அழைத்துக்கூடப் பார்க்கவில்லை. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி அந்த எண்ணில்தான் வரும். உங்கள் பகுதிக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று மாடு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்தக மருத்துவரின் செல் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஆச்சி இரண்டையும் பின்கட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்.

ஒருவர் பதிவு பெற்றவர்தானா என்று சந்தேகம் தீரவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநிலக் கவுன்சிலின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனுப் போடலாம். வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஒரே கேள்வி: இன்ன பேரும் இன்ன ஊரும் கொண்டவர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறாரா, இருந்தால் எண் என்ன, பதிவு எந்தத் தேதி வரை நடப்பில் உள்ளது. 30 நாளில் பதில் தர வேண்டும். நானும் ஒன்று போட்டேன். மூன்று வரிப் பதில் வந்தது, அப்படி ஒரு பேர் பதிவேட்டில் இல்லை என்று. ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை அந்தச் சிவப்பு வட்டக் கவருக்குள்ளேயே வைக்கச் சொன்னார்.