விமான ஆம்புலன்ஸுக்கு ஒரு வரைபட மென்பொருள்: முதல் பதிப்பைச் செய்வது எப்படி

ஒரு நாட்டின் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நோயாளியை இன்னொரு நாட்டின் மருத்துவமனைப் படுக்கைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. இதற்கு மென்பொருள் செய்ய உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் பறக்கும் விமானச் சின்னத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான். பார்க்க அழகாக இருந்தது. பயணத்தை ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டியதோ வேறு: நோயாளிக்குப் பக்கத்தில் இந்த விமானம் இறங்கக்கூடிய ஓடுதளம் எது, எத்தனை மணி நேரத்தில் அவரைக் கொண்டு சேர்க்கலாம்? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

படி 1: தரவு

அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம், அதைத் திரையில் காட்ட லீஃப்லெட் என்ற நிரல் நூலகம் போதும். விமான நிலையங்களுக்கு அவர்ஏர்போர்ட்ஸ் தளத்தின் இரண்டு கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள்: ஒன்று நிலையங்கள், மற்றொன்று ஓடுதளங்கள். ஓடுதளக் கோப்பில் நீளம், தரை வகை, விளக்கு உண்டா, மூடப்பட்டதா என்பவை இருக்கும். நீளம் அடியில்தான் வரும். 5,000 அடி என்றால் 1,524 மீட்டர். மூடியவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது தன்னார்வலர்கள் பராமரிக்கும் தரவு. எங்கே இறங்கலாம் என்று யோசிக்க உதவும், முடிவெடுக்க உதவாது. முடிவு விமானிகளுடையது; அதிகாரபூர்வ வெளியீடுகளையும் அன்றைய நோட்டாம் அறிவிப்புகளையும் (ஓடுதளம் மூடல் போன்றவற்றை விமானிகளுக்குச் சொல்பவை) பார்த்து அவர்களே சொல்வார்கள். இதைத் திரையிலும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

படி 2: எது முதலில், அட்சமா தீர்க்கமா?

இடங்களைச் சேமிக்கும் ஜியோஜேசன் வகைக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை அடுத்து. லீஃப்லெட் இதற்கு நேர்மாறு. என் முதல் பதிப்பில் இரண்டும் இடம் மாறி, ஏதென்ஸ் நகரம் செங்கடலுக்குள் போய் விழுந்தது. தீர்க்கரேகை 90-க்கு மேல் இருந்திருந்தால் சோதனையில் சிக்கியிருக்கும். ஐரோப்பிய எண்கள் மாறிக் கிடந்தாலும் செல்லுபடியாகும் எண்களாகவே தெரியும். அதனால் மாற்றித் தரும் வேலையை நிரலில் ஒரே ஒரு சார்பிடம் (function) கொடுங்கள். வேறு எங்கும் கையால் மாற்றாதீர்கள்.

படி 3: தூரம்

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் 60 பாகை அட்சத்தில் எல்லாம் இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். உருண்டையான பூமியின் மேல் தூரம் கணக்கிடும் ஹேவர்சைன் சூத்திரத்தைப் போடுங்கள், பூமியின் ஆரம் 6,371 கி.மீ. விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள் (1 கடல் மைல் = 1.852 கி.மீ.), எனவே இரண்டையும் காட்டுங்கள்.

இப்போது ஒரு சோதனை. ஃபிஜியின் நாடியில் (தீர்க்கம் 177.4 கிழக்கு) நிற்கும் விமானம் சமோவாவின் ஆப்பியாவுக்கு (172.0 மேற்கு) போக வேண்டும். சரியான விடை சுமார் 1,200 கி.மீ. தூரம் சரியாகவே வரும், ஆனால் கோட்டை வரைந்து பாருங்கள்: ஆப்பிரிக்காவைத் தாண்டி உலகம் முழுக்கச் சுற்றி வரும். நடுவில் 180 பாகைக் கோடு குறுக்கிடுவதுதான் காரணம். இரு தீர்க்கங்களின் வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் எதிர்ம எண்ணோடு 360-ஐக் கூட்டுங்கள். −172.0 என்பது 188.0 ஆகும், கோடும் நேராகிவிடும்.

படி 4: எட்டும் எல்லை

விமானம் எதுவரை போகும் என்பதை தட்டையான வரைபடத்தில் வெறும் வட்டமாக வரைந்தால் தப்பாகிவிடும். புறப்படும் இடத்திலிருந்து 5 பாகைக்கு ஒன்றாக 72 திசைகளில் புள்ளிகளைக் கணக்கிட்டு இணையுங்கள். டர்ஃப் என்ற நிரல் நூலகம் இதைச் செய்து தரும்.

அந்த எல்லையை மாற்ற முடிகிற எண்ணாக வையுங்கள். காரணம் மருத்துவம். பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக்கூடக் குறையலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று சிக்கிய நோயாளிக்கு அது ஆபத்து, சிக்கிய காற்று விரியும். கடல்மட்ட அழுத்தம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் விமானம் தாழ்வாகப் பறக்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், எல்லை சுருங்கும். அந்த ஒரு தேர்வுப்பெட்டியைச் சொடுக்கியதும் திரையில் எல்லை சுருங்குவதைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர், எரிபொருள் எங்கே நிரப்பலாம் என்று உடனே தேட ஆரம்பித்துவிடுவார்.

படி 5: படுக்கையிலிருந்து படுக்கைக்கு

இதில்தான் நேரம் செலவழியுங்கள். நாடி விமானம் மணிக்கு 700 கி.மீ. பறந்தால் போக 1 மணி 45 நிமிடம், வர 1 மணி 45 நிமிடம். ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. தயாராக 1 மணி, இறங்கிய பின் மருத்துவமனைக்குச் சாலையில் 45 நிமிடம், நோயாளியை நிலைப்படுத்த 1 மணி, திரும்பச் சாலையில் 45, ஏற்ற 30, கடைசியில் சாலையில் இன்னொரு 30 நிமிடம். மொத்தம் 8 மணி நேரம், அதில் வானில் மூன்றரை மணிதான். இந்த நிமிடங்களெல்லாம் நான் இட்டுக்கட்டியவை. உங்கள் குழுவிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தனி வரியாக, திருத்தும்படி காட்டுங்கள்.

நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) மட்டும் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரமாக்குங்கள். சமோவா யுடிசிக்கு 13 மணி முன்னே, பக்கத்திலிருக்கும் அமெரிக்கச் சமோவா 11 மணி பின்னே. இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒன்றையே காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் தள்ளியிருக்கும். “10 மணிக்கு ஆம்புலன்ஸ் நிற்கட்டும்” என்று தேதி இல்லாமல் சொன்னால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே கிழமையும் தேதியும் இல்லாமல் எந்த நேரத்தையும் காட்டாதீர்கள்.

வான்வழி அனுமதிக்கு, பாதை எந்த நாட்டு எல்லைகளை வெட்டுகிறது என்று பார்த்து, கடக்கும் நாடுகளைப் பட்டியலிட்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் ‘கேட்டாயிற்று’, ‘கிடைத்தது’ என்று இரண்டு பெட்டி.

படி 6: கடைசியாக, அந்த விமானச் சின்னம்

விமானம் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையைப் பெரும்பாலும் தரைநிலையங்கள் கேட்கும். நடுக்கடலில் தரைநிலையம் ஏது? சமிக்ஞை நின்றதும் சின்னத்தைச் சாம்பல் நிறமாக்கி, “கடைசியாகத் தெரிந்தது 22 நிமிடம் முன்பு” என்று பக்கத்தில் எழுதுங்கள். ஊகித்த இடத்தைக் காட்ட ஆசைப்பட்டால் புள்ளிக்கோடாக மட்டும். நோயாளியின் பெயர் இந்தத் திரையில் எங்கும் வர வேண்டாம், வழக்கு எண் போதும்.

அப்புறம், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வரைபடம் வராமல் போகலாம். இரு மருத்துவமனைகளின் தொலைபேசி எண்களும் நேர அட்டவணையும் அப்போதும் திரையில் இருக்க வேண்டும்.