பெண் டாக்டர் என்று ஒதுக்குகிறார்களா? எழுத்தில் கேளுங்கள்

திருகோணமலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, மருந்தும் எழுதி முடித்த பிறகு மூதூரிலிருந்து வந்த ஐயா என்னிடம் கேட்டார், "மிஸ்ஸி, டாக்டர் எப்ப வருவார்?" என்னைத் தாதி என்று நினைத்துவிட்டார், அவரில் கோபமில்லை. "நான்தான் ஐயா டாக்டர்" என்று பெயரையும் சொல்லுங்கள், போதும். பக்கத்தில் நிற்கும் ஆண் டாக்டர்களுக்கும் வேலை இருக்கிறது: கேள்வி உங்களிடம் வந்தால் "அவதான் உங்களைப் பார்க்கிற டாக்டர், அவவிடம் கேளுங்கோ" என்று திருப்பிவிடுங்கள்.

மேலிருந்து அன்பாக வரும் பேச்சுதான் கஷ்டம். சத்திரசிகிச்சை படிக்க ஆசை என்றதும் எனக்குக் கிடைத்த பதில், "கலியாணம் கட்டினாப் பிறகு இதெல்லாம் சரிவராது தங்கச்சி". அதற்குப் பிறகு ஒப்பரேஷன் தியேட்டர் லிஸ்டில் என் பெயர் குறைந்துகொண்டே போனது, ஏன் என்று கேட்டால் காட்டுவதற்கு யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். திகதி, யார் சொன்னது, என்ன சொன்னது, கூட யார் நின்றார்கள், நீங்கள் எத்தனை ஒப்பரேஷனில் நின்றீர்கள், உங்களோடு ஒரே பட்ச்சில் படித்த ஆண் டாக்டர் எத்தனையில் நின்றார். மூன்று மாதம் கழித்து அந்த எண்ணிக்கையோடு உங்கள் பிரிவின் கன்சல்டன்டிடம் (விசேட வைத்தியரிடம்) போய் உட்காருங்கள். சரிவராவிட்டால் பணிப்பாளருக்குக் கடிதம், பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு டியூட்டியில் படுக்கும் ஒன்கோல் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் கதிரையை முட்டுக்கொடுத்துப் படுத்த காலம் எனக்கு உண்டு, வாயால் பல தடவை சொல்லியும் நடக்காதது கடிதம் கொடுத்த அதே கிழமை நடந்தது.

பிரசவ லீவு அரச சேவையில் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். "ஆள் இல்லையே" என்று சொல்லி உங்களைக் குற்றவாளியாக்க விடாதீர்கள். நேரத்தோடு விண்ணப்பித்தால் பதில் ஆள் தேடுவது நிர்வாகத்தின் பொறுப்பு.

உடம்பில் கை வைப்பது, அசிங்கமாகப் பேசுவது வேறு கணக்கு. பாலியல் தொந்தரவு 1995 திருத்தத்திலிருந்து தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம், 5 வருடம் வரை சிறை. அதற்கு நேரே பொலிஸ்தான், அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

அரச ஆஸ்பத்திரியில் பெண் என்பதற்காக ஒதுக்கினால் இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை உங்கள் பக்கம். திருகோணமலையிலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றம் போவதானால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இரவு டியூட்டிகளுக்கிடையில் ஒரு மாதம் எப்படி ஓடுகிறதென்றே தெரியாது, முதல் வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.