ஓர் இயற்கையியலாளரின் வாழ்க்கையை வன்னியிலிருந்து எழுதும் முறை: எட்கர் லேயார்டை முன்வைத்து

விக்டோரியா மகாராணி காலத்து இயற்கையியலாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுமாறு ஒப்படை கொடுத்தால், மாணவர்கள் பெரும்பாலும் அவர் பிறந்த ஊரிலிருந்தே தொடங்குகிறார்கள். பிறந்த ஊர், வகித்த பதவி, எழுதிய நூல், இறந்த நாள் என்று நான்கு பந்திகளில் மனிதர் முடிந்துபோகிறார். இலங்கையின் வடக்கே வன்னியில், அதாவது முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகிய பகுதிகளில் இருந்து எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி ஒன்று உண்டு. அந்த மனிதர் நமது வடக்கில் தொட்டுப் பெயரிட்ட ஓர் உயிரிலிருந்து தொடங்கி, அதன் தடத்தைப் பற்றியபடியே அவரைத் தேடிச் செல்வதுதான் அது. இந்த முறையை எட்கர் லியோபோல்ட் லேயார்டை வைத்து விளக்குகிறேன். அவர் இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தராக இருந்து, பின்பு தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் அருங்காட்சியகக் காப்பாளராகப் பணியாற்றியவர்.

தொடங்க வேண்டிய உயிர் ஒரு சிறு பறவை. தமிழில் இதைப் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்று அழைக்கலாம். அதன் அறிவியற் பெயர் மஸ்கிகாபா முத்துயி. இரண்டாவது சொல்லை வாய்விட்டுப் படியுங்கள்: அதற்குள் இருப்பது முத்து என்ற நமது பெயர். லேயார்ட் பருத்தித்துறையில் இருந்த காலத்தில் அவருடைய வீட்டில் சமையல் வேலை பார்த்த தமிழர் முத்து. ஒரு நாள் காலையில் இந்தப் பறவையைக் கொண்டுவந்து லேயார்டிடம் கொடுத்தவர் அவரே. 1854ஆம் ஆண்டு இதனைப் புதிய இனமாக விவரித்தபோது லேயார்ட் முத்துவின் பெயரையே அதற்குச் சூட்டினார். தம்மிடம் இருந்த மிகச் சிறந்த பறவைகளில் பல முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறனாலும் கிடைத்தவை என்ற கருத்தையும் அங்கே எழுதிவைத்தார். ஆகவே உங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுத வேண்டியவை மூன்று: பறவையின் பெயர், அது கிடைத்த இடம், அதைக் கொண்டுவந்தவரின் பெயர். லேயார்டின் பிறந்த நாள் பிறகு வரலாம்.

இங்கே மொழி சார்ந்த ஒரு முடிவை நீங்கள் எடுத்தாக வேண்டும். ஆங்கில மூலத்தில் எசமானுக்கும் பணியாளுக்கும் ஒரே சுட்டுப்பெயர்தான் வருகிறது. தமிழிலோ அவன் என்பதா அவர் என்பதா என்று தெரிந்தெடுக்காமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. லேயார்டை ‘எழுதினார்’ என்றும் முத்துவைக் ‘கொண்டுவந்தான்’ என்றும் எழுதப்பட்ட கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன். எழுதிய பிள்ளைகளிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. வேலைக்காரர் என்ற சொல்லைக் கண்டதும் வினைமுற்று தானாகவே கீழிறங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பறவையைக் கண்டு, இது வேறுபட்டது என்று உணர்ந்து எடுத்துவந்த கண் முத்துவினுடையது. இருவருக்கும் ஒரே மரியாதை விகுதியைக் கொடுங்கள்.

அடுத்த படி, மூலக் கட்டுரையைத் தேடிப் பிடிப்பது. இலங்கைப் பறவைகள் பற்றிய தமது குறிப்புகளை லேயார்ட் 1853, 1854 ஆண்டுகளில் இலண்டனில் வெளிவந்த ஓர் இயற்கை வரலாற்று மாத இதழில் தொடராக வெளியிட்டார். அந்த இதழின் பழைய தொகுதிகள் ‘உயிர்ப்பல்வகைமை மரபுரிமை நூலகம்’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது ஊர்ப்பெயர்களின் பழைய எழுத்துக்கூட்டல்கள் தொல்லை தரும். அக்கால ஆங்கிலத்தில் வன்னியை இன்று எழுதும் ‘வி’ எழுத்தில் அல்லாமல் ‘டபிள்யூ’வில் தொடங்கி எழுதும் வழக்கம் இருந்தது, குளம் என்பது கொலம் போலவும் வரும். ஒரே ஊரை நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வோர் இடப்பெயரையும் இன்றைய வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். அவர் எந்த வழியாகப் போனார், எந்தப் பருவத்தில் எங்கே தங்கினார் என்பது அப்புள்ளிகளை இணைக்கும்போது தெரியவரும். ஊரின் அடையாளத்தில் ஐயம் வந்தால், வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கைநூல் உதவும்.

அக்கால ஆங்கிலேயர் இலங்கைத் தமிழரை ‘மலபார்’ என்று குறிப்பிடும் வழக்கம் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தச் சொல்லைக் கண்டவுடன் கேரளக் கரைக்குப் போய்விடக் கூடாது. மலபார்ப் பெயர் என்று பறவைக்கு ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அது ஆங்கில எழுத்துகளுக்குள் சிக்கிக்கிடக்கும் நமது தமிழ்ப் பெயராக இருக்கக்கூடும். வின்சென்ட் லெக் 1878க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலிலும் இவ்வாறு ஆங்கில எழுத்துகளில் தமிழ்ப் பெயர்கள் உண்டு. அவற்றை மெதுவாக உச்சரித்து, குளக்கட்டில் மாடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். வாசிக்க முடியாமல் நான் பல நாள் வைத்திருந்த ஒரு சொல்லை, ஐயா ஒருவர் கேட்ட மாத்திரத்தில் புலுனி என்று சொல்லிவிட்டார்.

இனி வாழ்க்கை வரலாறு. லேயார்ட் 1824 யூலை 23ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். அசீரிய நகரங்களான நிம்ருத், நினிவே ஆகியவற்றை அகழ்ந்த ஒஸ்ரின் ஹென்றி லேயார்ட் இவருடைய அண்ணன். இலங்கையின் ஆட்சிப் பதிவுகளில் லேயார்ட் என்ற குடும்பப் பெயருடன் பலர் வருவதால், முதலெழுத்துகளைச் சரிபார்க்காமல் எந்தச் செய்தியையும் இவர் தலையில் ஏற்றாதீர்கள். 1845இல் பார்பரா ஆன் கால்த்ரொப் என்பவரைத் திருமணம் செய்து, அடுத்த ஆண்டு இலங்கைக்கு வந்தார். இங்கே இராணுவ மருத்துவரான ராபர்ட் டெம்பிள்டனுடன் சேர்ந்து உயிரினங்களை ஆராய்ந்தார். டெம்பிள்டன், கெலார்ட், லேயார்ட் ஆகிய மூவரின் உழைப்பால் 320க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இத்தீவில் இனங்காணப்பட்டதாக, அக்காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் பின்னர் எழுதினார். இவர்களுள் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் இலங்கையிலேயே பிறந்தவர். அவரைப் பற்றித் தமிழில் யாராவது தனியாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இந்த இடத்தில் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: பிடிபட்ட பறவைகள் எங்கே போயின? லேயார்ட் இங்கே இருந்தபோது கொழும்பு அருங்காட்சியகம் இல்லை. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் அது 1877இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே ஐயத்துக்குரிய பறவைகளைக் கடல்கடந்து கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் 1841 முதல் 1862 வரை காப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பிளைத். லேயார்டின் பொதிகளைப் பிரித்துப் பார்த்து, 1849இல் ஒரு கிளியினத்துக்கு அவருடைய மனைவியின் குடும்பப் பெயரையும் ஓர் அணிலினத்துக்கு அவருடைய பெயரையும் வைத்தவர் பிளைத்தே. கிளியின் பெயரைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால்த்ரொப் என்ற பெயர் முதல் அச்சில் கால்த்ரப் என்று ஒலிக்கும்படி அமைந்துவிட்டது. பிற்காலத்தவர் சிலர் அதைத் திருத்தி எழுதினர். இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடினால்தான் எல்லாம் அகப்படும். அந்தக் கிளியும் அணிலும் தென்மேற்கு ஈரவலயக் காடுகளுக்கும் மலைநாட்டுக்கும் உரியவை. பெயர் பிடித்திருக்கிறது என்பதற்காக அவற்றை நமது வன்னியின் முத்தையன்கட்டுக் காட்டில் பறக்கவும் ஓடவும் விட்டுவிடாதீர்கள்.

காப்பாளர் என்பவரின் வேலை என்ன என்பதைக் கட்டுரையில் விரிவாகச் சொல்லுங்கள். வாசகருக்கு அதுவே மிகவும் புதியதாக இருக்கும். சுட்ட பறவை இந்த வெயிலில் சில மணித்தியாலங்களில் கெட்டுவிடும். அதற்கு முன் வயிற்றுப் பக்கம் கீறித் தோலை இறகுடன் உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உட்புறத்தில் ஆர்செனிக் கலந்த சவர்க்காரத்தைப் பூசி, பஞ்சு அடைத்துத் தைத்து உலர்த்த வேண்டும். ஆர்செனிக் பூசாவிட்டால் தோல்தின்னி வண்டுகளின் புழுக்கள் அதைத் தூளாக்கிவிடும். பிறகு காலில் ஒரு சீட்டுக் கட்டப்படும். இடம், நாள், பால், பிடித்தவர் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். சீட்டு அறுந்துபோன தோல் அழகுப் பொருளாகலாம். ஆய்வுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சீட்டையும் தோலையும் பிரியவிடாமல் காப்பதுதான் காப்பாளரின் தொழில். உங்கள் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் பழைய பாடம் செய்த பறவை ஏதும் இருந்தால், அதை வெறுங்கையால் தொடாதீர்கள். அந்த நஞ்சு நூறாண்டு கடந்தும் போவதில்லை.

1854இல் லேயார்ட் கேப் குடியேற்றத்துக்குச் சென்று, ஆளுநர் ஜோர்ஜ் கிரேயின் நிருவாகத்தில் பணியாற்றினார். மறு ஆண்டு தென்னாபிரிக்க அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். அரசாங்க வேலை முடிந்த ஓய்வு நேரத்திலேயே அந்தப் பொறுப்பை அவர் பார்த்தார் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1867இல் வெளிவந்த தென்னாபிரிக்கப் பறவைகள் பற்றிய அவரது நூலில் 702 இனங்கள் இடம்பெற்றன. அருங்காட்சியகத்தில் இருந்த திமிங்கில மண்டையோடு ஒன்றின் வரைபடங்களை அவர் இலண்டனுக்கு அனுப்ப, அவற்றை வைத்து விலங்கியலாளர் ஜோன் எட்வர்ட் கிரே 1865இல் ஒரு புதிய அலகுத் திமிங்கிலத்தை விவரித்து லேயார்டின் பெயரைச் சூட்டினார். அதற்குப் பின் பிரேசில், பிஜி, நியூ கலிடோனியா என்று பிரித்தானியப் பிரதிநிதியாக அலைந்த ஆண்டுகளை ஒரு பந்திக்குள் முடித்துவிடலாம். 1900 சனவரி 1ஆம் திகதி அவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் காலமானார்.

கிடைத்த சான்றுகளைச் சோதிக்காமல் எழுத்துப்பணியை முடிக்கக் கூடாது. முத்துவின் பறவையையே மறுபடி எடுங்கள். அது யூன் மாதத்தில் கொண்டுவரப்பட்டதாக லேயார்ட் எழுதுகிறார். ஆனால் இந்த ஈப்பிடிப்பான் வடகிழக்கு இந்தியா முதல் தென் சீனா வரையான பகுதிகளில் கூடு கட்டி, குளிர்காலத்தைக் கழிக்கவே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ஏறத்தாழ ஒக்டோபர் முதல் மார்ச் வரையே இங்கே தங்கும். அப்படியானால் யூனில் எப்படி அகப்பட்டது? நினைவுப் பிசகு என்றோ அச்சுப் பிழை என்றோ திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட பறவை என்றோ நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். மூலம் சொல்வதை ஒரு வாக்கியத்திலும், பறவையின் பருவம் காட்டுவதை மறு வாக்கியத்திலும் எழுதி, முரணை வாசகர் கண்முன் அப்படியே வையுங்கள்.

பிறகு ஒக்டோபரில் காட்டோரம் போய் நில்லுங்கள். பாலையும் வீரையும் நிழல் தரும் குளக்கட்டின் கீழ்ப்புறம், விடிந்த பின் ஒரு மணித்தியாலம் போதும். அதிகம் உயராத கொப்பில் அசையாமல் இருந்து, பூச்சியைத் தாவிப் பிடித்துவிட்டு மீளும் பழுப்பு நிறக் குருவியைக் கண்டால் கால்களைப் பாருங்கள். இதன் கால்கள் வெளிறியவை. இதைப் போன்ற மற்றொரு பழுப்பு ஈப்பிடிப்பானின் கால்கள் கருமையானவை. தொலைநோக்கி, கொப்பி, பென்சில் தவிர வேறு எதுவும் கையில் வேண்டாம். லேயார்டின் துவக்கு அவருடைய காலத்துக்குரியது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது காலத்துக்குரியது. மிதிவெடி அபாயப் பலகை இருந்த நிலமானால், அகற்றி முடித்ததை ஊர்ப் பெரியவர்களிடம் உறுதிசெய்யாமல் பாதையை விட்டு ஓர் அடியும் இறங்காதீர்கள். பறவை வராமலும் போகலாம். வராத நாளையும் குளத்தின் பெயர், திகதி, நேரம் ஆகியவற்றுடன் குறித்துவையுங்கள்.

எழுதி முடித்த கட்டுரையை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த வழியில் என் தகப்பனாரின் குறிப்புப் புத்தகங்கள் இரண்டையும் ஒரு மழை இரவில் இழந்தேன். வேறு பிரதி எங்கும் இருக்கவில்லை. ஆகவே ஒரு பிரதி பாடசாலை நூலகத்துக்கு, ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு, ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கு. நான்காவதை மின்வருடி, ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தை அணுகிப் பாதுகாக்கக் கேளுங்கள். நான்கிலும் முதற் பக்கத்தின் கீழே திகதியையும் இடத்தையும் உங்கள் பெயரையும் எழுதி, அந்தப் பழைய சொல்லைப் புலுனி என்று வாசித்துத் தந்த ஐயாவைப் போன்றவர்களின் பெயர்களையும், அவர்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.