டான்டலம்-சிலிக்கான் கொத்துகளை உடையாமல் தளத்தில் இறக்குவது எப்படி?

நடுவில் ஒரு டான்டலம் அணு, சுற்றிக் கூண்டாக 16 சிலிக்கான் அணுக்கள். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் நகாஜிமா குழுவினர் இந்தக் கொத்தைப் பரப்பில் படியவைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். சிலிக்கானின் 64 வெளிச்சுற்று எலக்ட்ரான்களோடு (அணுவுக்கு 4) டான்டலத்தின் 5 சேர்ந்து, ஒன்றை இழந்தால் 68. அந்த எண்ணில் எலக்ட்ரான் கூடு நிரம்பிவிடுவதால் நேர் அயனிதான் உறுதியானது. நாம் பிடிப்பதும் அதைத்தான்.

வெற்றிட பம்ப், கசிவுச் சோதனை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கொத்து உண்டாக்குதல்
டான்டலமும் சிலிக்கானும் கலந்த தகட்டை மேக்னெட்ரானில் (அயனிகளை மோதவிட்டு தகட்டிலிருந்து அணுக்களைப் பெயர்க்கும் கருவி) வைத்து ஆர்கானால் தெறிக்கவிடுங்கள். திரவ நைட்ரஜனால் குளிர்வித்த அறையில் ஹீலியத்தோடு மோதி அணுக்கள் கொத்தாகும். லேசரால் ஆவியாக்கியும் செய்யலாம். ஆனால் படியவைக்க வேண்டுமென்றால் என் ஓட்டு மேக்னெட்ரானுக்கே. அயனி மின்னோட்டம் அதில்தான் தாராளமாகக் கிடைக்கும்.

படி 2: நிறை பிரித்தல்
நமக்கு வேண்டியது சுமார் 630 அணு நிறை அலகு. 300 வரை மட்டும் காட்டும் எச்சவாயு அளவி இங்கே உதவாது. நிறை வாரியாக அயனிகளை வடிகட்டும் குவாட்ருபோலை மிகக் கூர்மையாகவும் வைக்காதீர்கள். சிலிக்கானுக்கு 28, 29, 30 என மூன்று ஐசோடோப்புகள் உண்டு. பதினாறும் 28 ஆக அமைவது நூற்றில் சுமார் 27 கொத்துகளில்தான். ஒற்றை நிறையைப் பிடித்தால் முக்கால்வாசி கற்றை வீண். 629 முதல் 633 வரை உள்ளே வரட்டும். 646-ஐ மட்டும் உள்ளே விடாதீர்கள், அது ஆக்சிஜன் ஒட்டிய கொத்து.

படி 3: மெதுவாக இறக்குதல்
மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குவாட்ருபோலுக்குக் கொடுத்த மின்னழுத்தமே கொத்தின் ஆற்றல் என்று கணக்குப் போடுவோம். ஆனால் ஹீலியம் தள்ளிவிட்ட வேகம் ஒன்று இருக்கிறது. நொடிக்கு 1000 மீட்டரில் வரும் 630 நிறைக் கொத்துக்கு, எந்த மின்னழுத்தமும் இல்லாமலே 3.3 எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். இலேசான கொத்துக்குப் பொருந்திய அமைப்பு கனமான கொத்துக்குப் பொருந்தாததற்கு இது ஒரு காரணம்.

அதனால் ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். தளத்தின் மின்னழுத்தத்தை எதிர் (−) பக்கத்திலிருந்து நேர் (+) பக்கத்துக்கு மெல்ல ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தைக் குறியுங்கள். அது செங்குத்தாகச் சரியும் இடம்தான் கற்றையின் ஆற்றல். சரிவு +12 வோல்ட்டில் என்றால், தளத்தை +7-இல் வைத்தால் கொத்து 5 எலக்ட்ரான் வோல்ட்டோடு இறங்கும். 17 அணுக்களுக்குப் பகிர்ந்தால் அணுவுக்கு 0.3. கூண்டு தாங்கும். ரொம்ப ஏற்றினால் கற்றையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும்.

இந்த மின்னழுத்தத்துக்குச் சாதாரண உலர் பேட்டரி போதும். பிக்கோ ஆம்பியர் அளவில் ஸ்விட்சிங் பவர் சப்ளையின் இரைச்சல் உயிரை வாங்கும்.

படி 4: நேரம்
1 நானோ ஆம்பியர் என்றால் நொடிக்கு 624 கோடி அயனிகள். கொத்தின் விட்டம் ஏறக்குறைய 1 நானோமீட்டர். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஓர் அடுக்கு நிரம்ப 75 நிமிடம் ஆகும். இப்போது அழுத்தத்தைப் பாருங்கள்: 10⁻⁷ பாஸ்கலில் எச்சவாயுவே இருபது சொச்சம் நிமிடத்தில் ஓர் அடுக்கு மூடிவிடலாம். 10⁻⁸-க்கு இறங்கினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும்.

படி 5: சரிபார்த்தல்
காற்றில் எடுக்காமல் எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் சோதனை) பாருங்கள். சிலிக்கான் 2பி சிகரம் 99 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது. 103 பக்கம் எழுந்தால் ஆக்சைடு. டான்டலம்-சிலிக்கான் விகிதம் 1:16-க்கு அருகில் வரவேண்டும்.

பிற்சேர்க்கை: "தொடங்கும்போது நன்றாக இருந்த மின்னோட்டம் போகப்போகக் குறைகிறதே?" என்று கேட்டிருந்தார்கள். தளம் கண்ணாடியா, தடித்த ஆக்சைடா என்று முதலில் பாருங்கள். மின்னூட்டம் தேங்கி, அடுத்து வரும் அயனிகளைத் தள்ளிவிடும். டேப்பால் உரித்த கிராஃபைட்டில் ஆரம்பியுங்கள். அப்புறம் அதன்மேல் சி60 (60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறு) மெல்லிய படலம் இட்டுப் பார்க்கலாம். கொத்து சி60-க்கு எலக்ட்ரானைக் கொடுத்து அங்கேயே பிடித்துக்கொள்ளும்.